ஒரே முகம், இரண்டு படம்

தொண்ணூறுகளின் கடைசியில் கிடர்பூர் பக்கம் ஒரு ஸ்டூடியோவில், கம்ப்யூட்டரில் புகைப்படங்களைத் திருத்தும் வேலை பார்த்தேன். அப்பா துறைமுக ஊழியர், குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒருநாள் உள்ளூர் முகக் க்ரீம் ஒன்றின் விளம்பரம் வந்தது. முதலாளி ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து, 'முன்', 'பின்' என்று இரண்டாக்கச் சொன்னார். முதலாவதைக் கறுக்க வைத்து, கன்னங்களில் திட்டுகள் போட்டேன். மற்றதை வெளுக்க வைத்து, தோலின் நுண்துளைகளைக்கூட அழித்தேன். அந்தப் பெண் க்ரீமைத் தொட்டிருப்பாளா என்பதே சந்தேகம்.

பஸ் நிறுத்தங்களில் ஒட்டியிருந்த அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை க்ரீம் வாங்கியிருக்கிறாள். குளியலறையில் ட்யூபைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். என் வேலையை வீட்டில் எல்லோரும் பெருமையாகப் பேசிய நாட்கள் அவை. க்ரீம்தானே, என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

முதலில் தங்கையின் நிறம் வெளுக்கத்தான் செய்தது. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், அவளை நிறுத்தி வைத்துப் பாராட்டினாள். நாலைந்து மாதத்தில் கன்னம் சிவந்து எரிய ஆரம்பித்தது. அலிப்பூரில் பார்த்த தோல் டாக்டர், ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள் என்றார். நிறுத்தியதும் இன்னும் மோசமாகி, கருந்திட்டுகள் தங்கிவிட்டன.

ஒருநாள் சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "அந்த ரெண்டு படமும் ஒண்ணுதான். நான்தான் பண்ணினேன்."

அவள் கேட்டாள். "நான் தினம் தடவுறதைப் பாத்துக்கிட்டுதானே இருந்தே, அக்கா?"

இரண்டு வருஷம் கழித்து, கார்டன் ரீச்சில் ரயில்வே குடும்பம் ஒன்றிலிருந்து அவளுக்கு வரன் வந்தது.

"திட்டெல்லாம் தெரியாம ஒரு போட்டோ பண்ணிக் குடுடி" என்றாள் அம்மா. தங்கை வேண்டாம் என்றாள். நான் பண்ணிக் கொடுத்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "போட்டோல இருக்கிறது இந்தப் பொண்ணுதானா?" என்று பையனின் அம்மா கேட்டார். தட்டில் வைத்த சந்தேஷ் இனிப்பைத் தொடாமலே அவர்கள் எழுந்து போனார்கள்.

அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை. தங்கை கல்யாணமே வேண்டாமென்று, பாங்க் வேலை கிடைத்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போதும் போன் செய்கிறாள். நான் எடுத்தால், அம்மாவின் உடம்பைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுவாள்.