எடை ஓடியது, எழுத்து நகரவில்லை

கீபோர்டில் 'நம்லாக்' பட்டனை அமுக்கினால் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரியும். மறுபடி அமுக்கினால் அணையும். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் எடைமேடை அறையில் அந்த விளக்குதான் எங்களைக் குழப்பியது, பிள்ளைகளே. லாரிகளை மேடையில் ஏற்றி நிறுத்துவது என் வேலை. உள்ளே எடைச்சீட்டு போடுவது ஓர் அக்கா, ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். திடீரென்று கீபோர்டு செத்துவிடும். எதை அமுக்கினாலும் எழுத்து வராது, விளக்கும் மாறாது. ஆனால் திரையில் லாரியின் எடை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, அக்கா சொல்வது மட்டும் அதற்குக் கேட்கவில்லை. அது எப்படி?

மேனேஜர் இரண்டு கீபோர்டு மாற்றிப் பார்த்துவிட்டார். "டீயை ஊத்திக் கெடுக்கிறம்மா. இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா, நீ பழைய இரும்பு பிரிக்கப் போயிடு" என்றார். அக்கா டீயே குடிக்கமாட்டார். "பேஜாரா கீதுப்பா. ஆனா ஒண்ணு பாத்தியா? வண்டி உறுமிக்கினு நிக்கிறப்பதான் இது வாயடைக்குது" என்றார் என்னிடம்.

என்ஜினை அணைக்காதீர்கள் என்று டிரைவர்களிடம் சொன்னவன் நான்தான். முன்பு என்ஜினை அணைத்த ஒரு லாரி மறுபடி கிளம்பாமல் மேடையிலேயே நின்றுபோய், வரிசை நெடுஞ்சாலைவரை நீண்டுவிட்டது, அந்தப் பயம். மேனேஜருக்குப் பயந்து இரண்டு நாள் அதைச் சொல்லவில்லை.

சாஃப்ட்வேர்காரர் வந்தார். அக்கா சொன்னபடியே ஒரு லாரியை உறுமவிட்டுத் தட்டினார், கீபோர்டு நின்றது. என்ஜினை அணைத்துத் தட்டினார், நிற்கவில்லை. பிறகு விளக்கினார். கீபோர்டு ஓர் எழுத்தை வாசலில் வைத்து, கம்ப்யூட்டரை நடத்தும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு மணி அடிக்கும். எழுத்தை எடுக்கும்வரை அடுத்த மணி கிடையாது. லாரி அதிர்ந்தால் எடை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடைமேடை ஒரு மணி அடிக்கும். அதைக் கவனிக்கும்போது சிஸ்டம் மற்ற மணிகளுக்குக் காதை மூடிக்கொள்ளும். அந்த நொடியில் அக்கா தட்டினால் மணி வீண். எழுத்தை எடுக்கட்டும் என்று கீபோர்டு காத்திருக்க, மணி அடிக்கட்டும் என்று சிஸ்டம் காத்திருக்க, இரண்டும் அப்படியே நிற்கும்! காதைத் திறந்ததும் வாசலை ஒருமுறை எட்டிப்பார்க்கும்படி அவர் மாற்றிவைத்தார்.

"என்ஜினை ஓடவுடச் சொன்னது யாரு?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். ரெண்டு நாளா மனசுல இருந்துச்சு, சொல்லல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கீபோர்டாவது வண்டி உறுமினாத்தான் வாயடைக்கும். நீ மேனேஜர் இருமினாலே அடைச்சிக்கிறியே நைனா!"

இன்றும் அங்கே சீட்டு போடுவது அக்காதான். மேனேஜர் இருமினால் அக்கா என்னைத்தான் பார்ப்பார்.