காகத்துக்கு வைத்த சோறு

போன கிழமை சித்திரைப் பறுவம், முழுநிலா நாள். அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் மூன்றாம் மாடி வீடு முழுக்க வாழைக்காய்ப் பொரியல் வாசம். மனைவி இலைத்துண்டில் சோறும் பருப்பும் ஒவ்வொரு கறியிலும் கொஞ்சமும் வைத்து, நெய் விட்டு, என்னிடம் நீட்டினாள். பல்கனியில் வைத்துக் காகத்தைக் கூப்பிட வேண்டும். தாயை இழந்து விரதம் பிடிப்பவன் நான்தானே. "நீரே வையும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே கொண்டுபோனாள். அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

சுடுசோற்றில் நெய் உருகும் அந்த வாசம் என்னை நேரே, முந்தி நாங்கள் இருந்த கிரின்ஸ்டெட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. ஊர் எல்லையில் வாடகை வீடு. கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு விவசாயியின் வயல், அதில் தாழ்வான ஒரு மூலை. மாரி முழுக்க அது தண்ணீரில் கிடக்கும், வாத்துகள் வந்து இறங்கும். பங்குனி பிறந்ததும் கொண்டை வைத்த ஒரு பறவை வந்து வானத்தில் குத்துக்கரணம் அடிக்கும். கோடையில் அதன் குஞ்சுகள் புல்லுக்குள் ஓடித் திரியும். இதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தவள் இங்கர். வேலையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள், லீவு நாளெல்லாம் பறவை எண்ணுகிறவள்.

அந்தப் பறவையைக் கண்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஆக்காட்டியின் ஒன்றுவிட்ட சகோதரம் அது. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால் அந்தப் பெயர். சண்டைக் காலத்தில் வயல்வெளியில் ஆக்காட்டி கத்தினால் அப்பா விளக்கை அணைப்பார், நாங்கள் பின்பக்கத்தால் இறங்கிவிடுவோம். இதை இங்கருக்குச் சொன்னேன். மறுநாள் தன்னிடம் இருந்த பழைய பைனாகுலரைக் கொண்டுவந்து தந்தாள்.

அந்த வருசம் விவசாயி மூலைக்கு வடிகால் குழாய் பதித்துச் சோளம் விதைக்க இருந்தார். இங்கர் அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஒரு தவணை வாங்கி வந்தாள். குறித்த சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பார்; ஒரு பறவையாவது அடைகிடந்தால் மூலையை விட்டுவிடுவார். மூன்று கூடுகள் இருந்தன. கூட்டுக்குப் பத்தடி தள்ளி ஒவ்வொரு மூங்கில் தடி நட்டோம். வேலைக்குப் போகமுன் சமையலறை யன்னலால் நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் என் பொறுப்பு.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். அம்மா போனதற்கு அடுத்த பறுவத்தில் காகம் வரவே இல்லை. படைத்துவிட்டு மூன்று மணி வரைக்கும் பசியில் நின்றேன், தலை சுற்றியது. ஊரில் முற்றத்தில் நின்று ஒருதரம் கூப்பிட்டால் போதும். இந்த நாட்டுச் சாம்பல் சட்டைக் காகத்துக்குத் தமிழும் தெரியாது, விரதமும் தெரியாது. ஆகவே அந்த வருசம் பங்குனியிலேயே பழக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் விடிய, வேலிக் கட்டையில் நெய்ச்சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். ஒரு கிழமையில் இரண்டு வந்தன, பிறகு எட்டு. அம்மாவுக்கு இனிக் குறையில்லை என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்தேன்.

முதல் கூடு ஒரு திங்கட்கிழமை வெறுமையானது. வியாழன் இரண்டாவது. இங்கர் சேற்றில் குந்தியிருந்து நரியின் கால் தடம் தேடினாள், ஒன்றும் இல்லை. "இன்னும் ரெண்டு நாள்தான், அந்த ஒண்டையாவது பாத்துக்கொள்" என்றாள். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. ஆனாலும் விடிய எழும்பிச் சோறு வைத்தேன். என் மண்டையில் அது ஏறவே இல்லை, நம்புவீர்களா?

அந்தச் சனிக்கிழமைதான் பறுவமும். பதினொரு மணிக்கே இலையைக் கொண்டுபோய்க் கட்டையில் வைத்துவிட்டேன், விவசாயி வரமுன் சாப்பாட்டை முடிக்கலாமென்று. கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. தொண்டை நோகக் கூப்பிட்டேன். மனைவி கதவடியில் நின்று, "மாமிக்கு எங்களோட ஏதும் கோவமோ?" என்றாள்.

அப்போதுதான் ஆக்காட்டி கத்தியது. பைனாகுலரை எடுத்தேன். மூன்றாவது தடியைச் சுற்றி என் எட்டுக் காகங்களும் நின்றன. வேட்டியோடு வேலி தாண்டிச் சேற்றில் விழுந்தெழும்பி ஓடினேன். அம்மாவென்று வரவழைத்தவற்றை "சூ, சூ" என்று கலைத்தேன். தாய்ப் பறவை என் தலையிலும் குத்த வந்தது. அதற்கு நானும் ஒன்றுதான், காகமும் ஒன்றுதான். கூட்டில் முட்டைக் கோதுகள் மட்டும் கிடந்தன. சோற்றுக்கு ஏன் வரவில்லை என்று அங்கே நின்றபோதுதான் விளங்கியது. அவற்றுக்கு வயிறு நிறைந்திருந்தது.

இங்கர் காரால் இறங்கி வந்தாள். சேறு படிந்த என் வேட்டியையும் கட்டையில் இருந்த இலையையும் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு" என்றேன். "காகத்திட்டக் குடுக்கிறது."

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

அவள் மற்றப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள். விவசாயி வந்தார், வெறுங்கூட்டைப் பார்த்தார், எது தின்றது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் இங்கர் சொன்னாள்: "நரி."

பறவை திரும்ப முட்டை இடும், இன்னும் இரண்டு கிழமை தாருங்கள் என்று கெஞ்சினாள். விதைப்புப் பிந்துகிறது என்றார் அவர். அடுத்த கிழமை குழாய் பதித்தார்கள். இங்கர் என்னிடம் ஒருநாளும் கோபித்துக் கதைக்கவில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தபோது, வைத்திரு என்று சொல்லிவிட்டாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

போன கிழமை இங்கே பல்கனியில் காகம் கூப்பிடமுன்னமே வந்துவிட்டது. மனைவிக்குச் சந்தோசம். நானும் சாப்பிட இருந்தேன், இரண்டு வாயோடு எழும்பிவிட்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒருவருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிரின்ஸ்டெட்டுக்குப் போனேன். அந்த மூலை எது என்று பிரித்தறிய முடியவில்லை. வயல் முழுக்க ஒரே மட்டம், ஒரே காய்ந்த மண். வேலிக் கட்டையை அடையாளம் வைத்து, மூன்றாவது தடி நின்ற இடம் வரைக்கும் கைகளை வீசி, கால் சத்தம் கேட்க நடந்தேன். ஆள் வருகிறான் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.