பாக்கியம் அக்காவின் கூட்டத்தில் என் டம்ளர்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் தூறல். நான் ஏறிய பெங்களூர் பேருந்தில் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறவில்லை. எழுபத்து நான்கு வயதில் சளி பிடித்தால் மூன்று வாரம் போகாது. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். பொம்மனஹள்ளிக்கு 98 ரூபாய். நூறு கொடுத்ததற்கு மீதி இரண்டு ரூபாயை நடத்துநர் சீட்டின் பின்புறம் எழுதித் தந்தார். ஓசூரில் நினைவூட்டி வாங்கிவிட்டேன்.

பையில் சர்க்கரை மாத்திரை, வெந்நீர் பாட்டில், ஓர் எவர்சில்வர் டம்ளர். வயிற்றில் அறுவை நடந்ததிலிருந்து வெளியிடங்களில் வேறு டம்ளரில் நான் குடிப்பதில்லை. மகள் வாங்கித் தந்த டம்ளர் அது. அடியில் என் பெயரின் முதல் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகப் பொறித்துக் கொடுத்தார்கள்.

போன காரியத்தைச் சொல்ல வேண்டும். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. நான் படித்து முடித்து, பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பட்டு நூல் ஆலையில் வருகை நேரம் குறிக்கும் டைம் கீப்பராகச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. ஆலைக்கு எதிரே ஒரு டீக்கடை. மற்றவர்களுக்கு உள்ளே பெஞ்சும் கண்ணாடி டம்ளரும். எங்கள் சாதிக்காரர்களுக்கு வெளியே மரத்தில் அடித்த ஆணிகளில் அலுமினிய டம்ளர். நின்றபடி குடித்து, நாமே கழுவி, அதே ஆணியில் மாட்ட வேண்டும். படித்தவன், பேண்ட் போட்டவன் என்பதெல்லாம் அந்த ஆணிக்குத் தெரியாது.

ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்த தனபாக்கியம் ஒரு நாள் காலை இடைவேளையில் ஆறு பெண்களோடு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வரவில்லை. மறுநாளும் போனார்கள். காலடியில் கழுநீரை ஊற்றினார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கடைக்காரரே ஏழு கண்ணாடி டம்ளர்களில் டீ கொண்டுவந்து வைத்தார். இருபதாம் நாள் நானும் உள்ளே போய் உட்கார்ந்து குடித்தேன். அந்த வாரக் கடைசியிலேயே பாக்கியம் அக்காவை ஆலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நன்றி சொல்லலாம் என்று அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு நானும் வேறு வேலை கிடைத்து கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் வந்த மரணச் செய்தியில்தான் மீதியைப் படித்தேன். பெங்களூர் நீலசந்திராவில் துப்புரவுப் பெண்களுக்காக, சாதி கேட்டு வீடு மறுக்கப்பட்டவர்களுக்காக, எண்பத்தொரு வயதுவரை அவர் ஓயவில்லை. கடைசிப் பத்தாண்டு மறுபடி பொம்மனஹள்ளிக்கே வந்து குடியிருந்திருக்கிறார். நேரில் சொல்ல முடியாததை அவரோடு இருந்தவர்கள் முன்னிலையிலாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் முப்பதாம் நாள் கூட்டத்துக்குப் புறப்பட்டேன். இரண்டு நிமிடப் பேச்சொன்றை மனப்பாடம் செய்திருந்தேன். சந்தாபுராவில் நெரிசலில் பேருந்து இருபது நிமிடம் நின்றபோது, அது மறந்துவிடுமோ என்றும் கூட்டம் முடிந்துவிடுமோ என்றும் மாற்றி மாற்றிக் கவலைப்பட்டேன்.

9.50. பொம்மனஹள்ளியில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. மேலே மெட்ரோ பாலம், கீழே சேறு. ஐம்பது ரூபாய்க்கு ஒரு முழச் சம்பங்கி மாலை. ஆட்டோக்காரர் முகவரியைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தம்பது குடுங்க சார். மழ வேற, ஸ்வல்ப ஜாஸ்தி ஆவும்."

"மழைதான் நின்னுடுச்சே. மூணரை கிலோமீட்டருக்கு நூத்தம்பதா?"

"யார் வூட்டுக்கு சார் போறீங்க?"

"தனபாக்கியம்னு ஒரு அம்மா. அவங்க நினைவுக் கூட்டம்."

அவர் மீட்டரைத் தட்டிவிட்டார். "குந்துங்க. அந்தம்மா கூட்டத்துக்குப் போறவங்ககிட்ட மீட்டருக்கு மேல வாங்கினா எங்கம்மா சோறு போட மாட்டாங்க. எங்களுக்கு வாடக வூடு புடிச்சுக் குடுத்ததே அந்தம்மாதான் சார். ஓனர் மூஞ்சிக்கி எதுரா உக்காந்துட்டாங்க, ரெண்டு நாளு."

மீட்டர் 51 காட்டியது. நான் நூறு கொடுக்க, நாற்பத்தொன்பதும் எண்ணிக் கொடுத்தார்.

10.20. தகரக்கூரை போட்ட சிறு மண்டபம். வாசலில் நீலத் துணி. உள்ளே அவர் படத்துக்கு முன் மெழுகுவத்திகள். ஒரு பக்கம் புத்தர். மேடை இல்லை, எல்லாருக்கும் ஜமுக்காளம். என் முழங்கால் அதை விரும்பவில்லை. மற்றபடி எனக்குக் குறையில்லை. பஞ்சசீலம் சொல்லி, ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு, "மொதல்ல டீ, அப்பறம் பேச்சு. அக்கா வெச்ச வழக்கம்" என்று ஒரு வயதான அம்மாள் அறிவித்தார். சரோஜா என்று பெயர். அக்காவோடு பெஞ்சில் உட்கார்ந்த ஆறு பேரில் இன்றும் இருப்பவர் இவர் ஒருவர்தான் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

பெரிய அலுமினியக் குண்டானில் டம்ளர்கள் வந்தன. தெருவில் பல வீடுகளிலிருந்து வாங்கியவை. ஒன்று உயரம், ஒன்று குட்டை. கைக்கு வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். குடித்த பிறகு, பக்கத்தில் இருப்பவர் டம்ளரை நாம் கழுவ வேண்டும். காகிதக் கப் கிடையாது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். டீ வருகிறது என்றதும் பழக்க தோஷத்தில் என் கை பைக்குள் போய்விட்டது. என் டம்ளரை எடுத்து, துண்டால் துடைத்து, நீட்டினேன்.

சரோஜா அம்மாள் டீ ஊற்றவில்லை.

"யாருப்பா இது? பாக்கியம் கூட்டத்துக்குத் தனி டம்ளர் எடுத்துக்கினு வந்திருக்காரு?"

"வயிறு... ஆபரேஷன்... டாக்டர்..." என்றேன்.

"ஆணி ஒண்ணு அடிக்கட்டுமா, மாட்டிக்கிறீங்களா?"

சிரிப்பு எழுந்தது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போனால் சொல்ல வந்தது என்னோடு அப்படியே திரும்பிவிடும். அதனால் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன். மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வரவில்லை.

"நான் அந்த மில்லுல டைம் கீப்பரா இருந்தேங்க. எனக்கும் அந்த ஆணிதான். நீங்க உக்காந்த பிறகு இருபதாவது நாள் நானும் உள்ள உக்காந்து குடிச்சேன். அக்காகிட்ட நன்றி சொல்ல முடியல. அதுக்குத்தான் வந்தேன்."

சரோஜா அம்மாள் கெட்டிலைக் கீழே வைத்தார். என் முகத்தருகே குனிந்து பார்த்தார்.

"பதினோரு நிமிசமா நீ?"

எனக்குப் புரியவில்லை.

"மொத நாள் நாங்க திரும்ப லேட்டாச்சு. கால் மணிக்கு மேல போனா அரைநாள் சம்பளம் புடிப்பான். அரைமணின்னு எழுதச் சொல்லி மேஸ்திரி உம் பக்கத்துலயே நின்னான். நீ கடியாரத்தப் பாத்துட்டு, 'பதினோரு நிமிஷம்தான் சார்'னு எழுதின. மறந்துட்டியா?"

"பதினோரு நிமிஷம்தானே ஆச்சு" என்றேன்.

"அதத்தான் சொல்றேன்! அரைநாள் கூலி போயிருந்தா மறுநாள் நாலு பேர் வந்திருக்க மாட்டாளுங்க. பாக்கியம் சாவற வரைக்கும் உன்ன அப்டித்தான் சொல்லும், பதினோரு நிமிசம்னு. பேரு தெரியாது. எங்கனா இருக்கானான்னு கேக்கும்."

நான் படத்தைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டதால் சரியாகத் தெரியவில்லை.

சரோஜா அம்மாள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அதில் டீ ஊற்றி, எனக்கு வலப்பக்கம் இருந்த துப்புரவுத் தொழிலாளி அம்மாளிடம் கொடுத்தார். குண்டானிலிருந்து நெளிந்த டம்ளர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"குடிய்யா. வயிறு ஒண்ணும் ஆவாது. கொதிக்கக் கொதிக்கத்தான் இருக்கு."

குடித்தேன். சர்க்கரை இரண்டு கரண்டி இருக்கும். சர்க்கரை மாத்திரையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பிறகு அந்த அம்மாள் நான் குடித்த நெளிந்த டம்ளரைக் கழுவினார். நான் அவருடையதை, அதாவது என்னுடையதை, கழுவினேன். இரண்டும் குண்டானுக்குள் போயின.

பிற்பகல் 1.15. கிளம்பும்போது குண்டானைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்திருந்ததால் அடிகள் மேலே தெரிந்தன. எத்தனையோ வீட்டாரின் எழுத்துகளுக்கு நடுவில் என் எழுத்துகளும் இருந்தன. கைநீட்டினால் எடுத்திருக்கலாம். விட்டுவிட்டு வந்தேன். "அடுத்த வருசம் வா பதினோரு நிமிசம், லேட் பண்ணாத" என்று சரோஜா அம்மாள் வாசல்வரை வந்தார்.

ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பேருந்துக்கு அதே 98. இந்த முறை சில்லறை சரியாகக் கிடைத்தது. ஊர் திரும்பும்போது மாலை ஆறு. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் என் டம்ளருக்கென்று நானே அடித்த தனிக் கொக்கி ஒன்று உண்டு. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியும் வைத்திருந்தேன். மகள் எங்கே டம்ளர் என்றாள். இருக்கிற இடத்தில் இருக்கிறது என்றேன். இடுக்கியால் கொக்கியைப் பிடுங்கிவிட்டு, அலமாரியில் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். வயிற்றுக்கு இதுவரை ஒன்றுமில்லை.

டம்ளரைச் செலவில் சேர்க்கவில்லை. மற்றவை எல்லாம் சேர்த்து 317 ரூபாய்.