கிரேஸ் அக்கா சொல்ல வேண்டிய செய்தி

கிரேஸ் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று ஊருக்குச் சொன்னவள் நான்தான்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி... ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள். நான் செய்தது இது மட்டுமல்ல. இதைவிடக் கேவலமான ஒன்று பின்னால் வருகிறது.

என் பெயர் ரீத்தா. ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவு முகப்பில் வேலை. வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கி, கணினியில் தட்டி, எந்த டாக்டர், என்ன விஷயம் என்று பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். யாருக்காவது கஷ்டம் என்று தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஏதாவது செய்தே ஆகவேண்டும். அதை என்னுடைய நல்ல குணம் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்!

கிரேஸ் அக்கா ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எனக்கு எதிர் புளோக். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் எனக்கு முன் வரிசை. குயின் ஸ்திரீட்டில் ஒரு சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்பவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஷாலினி, கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். ஒரு குடும்பமே வந்து அலமாரியில் இருக்கிற சேலையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனாலும், "பரவால்லலா, அடுத்த தீபாவளிக்கு வாங்க" என்று சிரித்தபடியே மடிக்கிற பெண்மணி.

அவர் ஒரு நாள் காலை என் முகப்புக்கு வந்து நின்றார். அட்டையை நீட்டினார். திரையில் எல்லாம் வந்தது. திசுப் பரிசோதனையின் முடிவு, அறுவை சிகிச்சைக்கான நாள்... எல்லாம். என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார்.

"ரீத்தா, பாத்துட்டியா? யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஷாலினிக்கே இன்னும் தெரியாது."

"ஐயோ அக்கா, நான் சொல்வேனா!"

சொன்னேன். அன்று மதியம் சாப்பாட்டு வேளையிலேயே சொன்னேன்.

புறம் பேசவில்லை. அதை மட்டும் நம்புங்கள். கழிவறையில் போய் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா இல்லாத எங்கள் செபக்குழுவின் வாட்ஸ்அப்பில், "ஒரு சகோதரிக்காக அவசரமாகச் செபியுங்கள்" என்றுதான் முதலில் போட்டேன். குழுவை நடத்தும் ஆரோக்கியம் அண்ணன் உடனே குரல் பதிவு அனுப்பினார். "யாருக்கும்மா? என்ன நோயி? பேரு தெரியாம எப்படிச் செபிக்கிறது?"

எங்கள் வழக்கம் அது. நோயாளியின் பெயரையும் நோயையும் சொல்லித்தான் நாங்கள் மன்றாடுவோம். மொட்டையாகச் செபித்தால் போய்ச் சேராது என்பதைப் போல ஒரு நினைப்பு. நானும் பெயரைச் சொன்னேன். நோயைச் சொன்னேன். அறுவை சிகிச்சை எந்த வாரம் என்பதையும் சொன்னேன். கடவுளுக்கு அதெல்லாம் தெரியாதா? என் திரையைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டுமா? அன்று ஏன் எனக்கு இது தோன்றவில்லை! வரிசையாகக் கூப்பிய கைகள் வந்து விழுந்தன. எனக்கு மனம் லேசானது. ஆமாம்... லேசானது என் மனம்தான்.

அந்த ஞாயிறு ஷாலினியும் பூசைக்கு வந்திருந்தாள். அம்மாவின் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்றாட்டு நேரம். வாசிக்கிறவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார். உலகத் தலைவர்களுக்காக, மழைக்காக... பிறகு, "மார்பகப் புற்றுநோயால் அவதிப்படும் எங்கள் சகோதரி கிரேஸ், வரும் வாரம் நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சையில் நலம் பெற வேண்டுமென்று..."

இன்னும் நிறைய பேர் செபித்தால் நல்லதுதானே என்று ஆரோக்கியம் அண்ணன் அதை வாசிக்கக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் நல்ல மனசுதான். நல்ல மனசுக்காரர்களாகச் சேர்ந்துதான் அந்தப் பெண்மணியைச் சபை நடுவில் நிறுத்தினோம்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே பதில் சொன்னது. பழக்கத்தில் நானும் சொன்னேன்!

ஷாலினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கிரேஸ் அக்கா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாலினி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிறகுதான் தெரிந்தது. அன்று மதியம் சொல்வதற்காகத்தான் அக்கா மகளைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்திருந்தார். அவளுக்குப் பிடித்த மீன் குழம்பை விடியற்காலையிலேயே வைத்துவிட்டு, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாராம். பூசை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கோயிலுக்கெல்லாம் சொல்லிட்டீங்க, எனக்கு மட்டும் சொல்லலையாம்மா?" என்று கேட்டுவிட்டு அன்று மாலையே பஸ் ஏறினாள் அந்தப் பெண். தான் யாருக்கும் சொல்லவில்லை என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அறுவை சிகிச்சைக்கு வந்தாள், கூட இருந்தாள், மருந்தெல்லாம் வாங்கிக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

இதுவரை நான் சொன்னது அவசரக்காரி ஒருத்தியின் பிழை. இதற்கு நீங்கள் என்னை மன்னிக்கக்கூடும். இனி வருவதைக் கேளுங்கள்.

தையல் பிரித்த பிறகு ஒரு நாள் கிரேஸ் அக்கா மறுபடி என் முகப்புக்கு வந்தார். மெலிந்திருந்தார். என் தலைக்கு மேல் சுவரைக் காட்டினார்.

"அங்க ஒட்டியிருக்குல்ல... தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு. என்னைப் பத்தி இங்க என்ன வச்சிருக்கீங்க, யாருக்குக் கொடுத்தீங்கன்னு நான் கேக்கலாமாமே? கேக்கணும் ரீத்தா. ஆரோக்கியம் அண்ணன்கிட்ட கேட்டேன், யாரு சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்றாரு. யாரு சொன்னாங்கன்னு தெரிஞ்சா ஷாலினிகிட்ட காட்டுவேன். நான் சொல்லலன்னு அவ நம்பணும்."

அவருக்கு வேண்டியது நஷ்ட ஈடு இல்லை. யாருக்கும் தண்டனையும் இல்லை. மகள் நம்ப வேண்டும், அவ்வளவுதான்!

அப்படிக் கேட்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அதைக் கவனிக்க எங்கள் மருத்துவமனையில் ஓர் அதிகாரியே இருக்கிறார். என் நாற்காலியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவர் அறை. பயிற்சி வகுப்பில், "இந்த விவரங்கள் நம்முடையவை அல்ல, நோயாளியுடையவை. நாம் வெறும் காவல்காரர்கள்" என்று அவர் சொன்னபோது நான் கை தட்டியிருக்கிறேன்.

"அக்கா, அதெல்லாம் பெரிய தலவலிலா" என்றேன். "லோயர் வைக்கணும், போலீஸ் பாலாய் போகணும், வருசக்கணக்கா இழுப்பாங்க. மொதல்ல ஒடம்பப் பாருங்க."

வக்கீலும் வேண்டாம், போலீஸ் நிலையமும் வேண்டாம். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவருடைய கோப்பை அன்று திறந்தவள் யார் என்று கணினி காட்டிவிடும். என் வேலை போய்விடும். அதோடு, கோயிலில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

"அப்படியா..." என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ உள்ளுக்குள்ள இருக்கிறவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் மின்தூக்கியை அடைவதற்குள் குழுவில் நான் போட்ட செய்தியை என் கைப்பேசியிலிருந்து அழித்தேன். முதல் முறை அவருடைய ரகசியத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை, அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழியையும் அடைத்தேன். முதலாவது இரக்கத்தில் செய்தது. இரண்டாவதை என்னவென்று சொல்வது? நீங்களே சொல்லுங்கள்!

கடைக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் இப்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மார்பைப் பார்க்கிறார்கள். "ஐயோ பாவம்" என்று சொல்லி, வேண்டாத சேலையையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர் எங்கள் மருத்துவமனையை விட்டுவிட்டு, கடல் தாண்டி, பட்டர்வொர்த் பக்கம் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்காகவே ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். தே ஓ கலக்கிக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "வர்றவங்க எல்லாம் நோயப் பத்தியே தோண்டித் தோண்டிக் கேக்கிறாங்க ரீத்தா. நீ ஒருத்திதான் ஒண்ணுமே கேக்கிறதில்ல. உன்ன மாதிரி ஒரு ஆளு போதும் எனக்கு" என்றார். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் பட்டர்வொர்த் மருத்துவமனையிலிருந்து ஒரு தாதி அழைத்தாள். கிரேஸ் அக்காவைக் காய்ச்சலோடு சேர்த்திருக்கிறார்களாம். "அவருடைய உடல்நிலையை ஒரே ஒருவரிடம்தான் சொல்லலாம் என்று பதிந்து வைத்திருக்கிறார். ரீத்தா என்பது நீங்களா?" என்று மலாயில் கேட்டாள்.

"மகள் பெயர் இல்லையா?"

"இல்லை. உங்கள் பெயர் மட்டும்தான்."

நோய் திரும்பியிருக்கிறது என்றாள். அக்காவுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஃபெரி பிடித்து ஓடினேன். அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது என் கைப்பேசி அடித்தது. ஷாலினி.

"ஆண்ட்டி, அம்மா போன எடுக்கலை. கடையில கேட்டா ஆஸ்பத்திரின்றாங்க. வார்டுக்குப் போன் பண்ணா, உங்களத்தான் கேக்கணுமாம். அம்மாவுக்கு என்ன?"

வராந்தாவுக்கு வந்தேன். என்ன சொல்வேன்? அக்காவின் அனுமதி எனக்கு மட்டும்தான். அதை இன்னொருவருக்குக் கொடுக்கும் உரிமை எனக்கில்லை, கேட்பது பெற்ற மகளே ஆனாலும். முதல் முறையாக நான் சட்டப்படி நடந்துகொண்டேன்.

"காய்ச்சலுக்குச் சேத்திருக்காங்கம்மா, தூங்கறாங்க. மத்தத அம்மா சொன்னாத்தான்... நான் சொல்லக் கூடாது ஷாலினி. நீ கெளம்பி வா."

அந்தப் பக்கம் அவள் அழுதாள். "அன்னிக்கும் கோயிலுக்கெல்லாம் தெரிஞ்சிச்சு, எனக்குத் தெரியல. இன்னிக்கு உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் அவங்களுக்கு அப்படி என்ன பண்ணிட்டேன் ஆண்ட்டி?"

நீ ஒன்றும் செய்யவில்லை, உன் அம்மாவும் செய்யவில்லை, அன்று சொன்னவள் நான்தான்... இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. அது என்னுடைய விவரம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாக்கின் நுனிவரை வந்தது.

அவள் ஃபோனை வைக்காமல் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை.