யாதவகிரியில் மிதந்த கன்டெய்னர்

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா? பத்து வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்துப் பெயிண்ட் அடித்தேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஒரு நாள் கன்டெய்னர் மிதந்ததை மட்டும் கேட்க வந்துவிடுகிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

அது தொண்ணூறுகளில். துறைமுகத்தில் கழித்துப்போட்ட இருபதடி கன்டெய்னர் லாரியில் எங்கள் மைசூர் ஷெட்டுக்கு வரும். கூரையை கேஸ் கட்டரால் அறுத்து எடுப்போம். பலகைத் தரையைப் பெயர்த்துவிட்டு இரும்புத் தகடு வைத்து வெல்டிங். விளிம்பைச் சுற்றி இரும்பு ஆங்கிள், உள்ளே மூன்று கோட் எபாக்சி பெயிண்ட். வீட்டுப் பின்பக்கம் குழி தோண்டி இறக்கினால் நீச்சல்குளம்.

நான் கோபிநத்தம் கிராமத்திலிருந்து வந்து நாலு வருஷம் மண் சுமந்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அரை நாள் ஆகும். ஆனாலும் மேஸ்திரி சிவண்ணா ஒருநாள் என் கையில் ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தார். மைசூர் யாதவகிரியில் ஒரு வீடு; அதுதான் நான் தனியாகப் பெயிண்ட் அடித்த முதல் குளம். இதில் கோளாறு வந்தால் மறுபடி மண்சட்டிதான்.

அந்த வீட்டு மாமி மேல்கோட்டைக்காரர். மூட்டுவலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கன்டெய்னரைக் குழியில் இறக்கி, ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பியிருந்தோம். சுற்றிலும் ஓரடி இடைவெளி. அதில் மண் போட்டு இறுக்க வேண்டும். மண் லாரி வரவில்லை.

மேஸ்திரி கிளம்பும்போது, "மண்ணு ரொப்பற வரைக்கும் உள்ள தண்ணிய எடுக்கவே கூடாது, கொத்தாயித்தா, புரிஞ்சுதா?" என்றார்.

"ஆயித்து மேஸ்திரி" என்றேன்.

அவர் போனதும் மாமி வந்தார்.

"நாளைக்குக் கார்த்தால பூஜை. நீங்கள்லாம் கால் வச்ச ஜலம் இது. இதுக்கா மஞ்சள் குங்குமம் வைக்கறது? எடுத்துட்டுப் புதுசா விடுடி."

"மேஸ்திரி வேண்டாம்னாருங்க."

"மேஸ்திரியா இறங்கி நடக்கப் போறார்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மோட்டார் போட்டுக் காலி செய்தேன். புதுத் தண்ணீரைக் காலையில் விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூஜைக்கு முன்னால் இலை தழை விழக்கூடாது என்று மேலே தார்ப்பாயும் இழுத்துக் கட்டினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் விழுந்த மழை மொத்தமும் வழிந்து சுற்றியிருந்த இடைவெளியில் இறங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கன்டெய்னர் ஒரு முனையைத் தூக்கியது. அப்புறம் மறு முனையை. படுத்திருந்த எருமை எழுந்திருப்பது போல அவ்வளவு நிதானம்.

"ஏண்டி, அது எழுந்துக்கறதே?" என்றார் மாமி.

"மழை பாக்க வெளிய வருதுங்க."

மேஸ்திரி நனைந்துகொண்டே ஓடி வந்தார். குழித் தண்ணீரை இறைக்க மோட்டார் பைப்பைத் தூக்கினார். குழியின் ஓரம் ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்தது. அடியில் மண் புகுந்தால் கன்டெய்னர் கோணலாக உட்கார்ந்துவிடும்.

"நீங்க இறைச்சு முடிக்கறதுக்குள்ள கரை சரிஞ்சுருமுங்க. உள்ள தண்ணி விடுங்க. காலிக் குடந்தானே மெதக்கும்? ரொம்புனா உக்காந்துக்கும்" என்றேன்.

பைப்பைக் கீழே போட்டார். பிறகு தார்ப்பாயை அறுத்துவிட்டு, வீட்டுக் குழாய் தண்ணீரை உள்ளே திருப்பினார். மழையும் கூடவே நிரப்பியது. இருட்டுவதற்குள் கன்டெய்னர் பழைய இடத்தில் உட்கார்ந்தது. தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்தார். ஒரு விரல்கடைதான் வித்தியாசம்.

"யாரு காலி பண்ணது?"

மாமி, அடுப்பில் பால் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தவராக உள்ளே போனார்.

"நான்தானுங்க."

"யோசனை சொன்னே, அதனால வேலையில இரு. நாலு பக்கமும் மண்ணு ரொப்பற வரைக்கும் ஸ்ப்ரே கன்னைத் தொடாதே. மண்ணும் நீயே ரொப்பு."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுற்றி மண் இறுகாமல் குளத்தைக் காலி செய்யாதீர்கள். வீட்டுக்காரர் சொன்னாலும் செய்யாதீர்கள். அவருக்கு எப்போது வேண்டுமானாலும் பால் பொங்கும்.

மூன்று நாள் தலையில் மண்சட்டி. எங்கள் மேட்டகள்ளி லைன் வீட்டுப் பெண்கள் என் சேலையைப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிக்கறேன்னு பீத்திக்கிட்டியே, மறுபடி மண்ணா?" என்று கேட்டார்கள்.

"யாதவகிரியில கப்பல் ஒண்ணு கெளம்பிருச்சு. நங்கூரம் போட்டுட்டு வர்றேன்" என்றேன்.