ஒதுக்கிக் கட்டாத மாடு

அந்த மாட்டுத் தரகரைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில், நாலு பேர் பார்க்க.

ஓடைப்பட்டிக்குத் தெற்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் என் மாட்டுக் கொட்டம். கறவையும் சினையுமாக ஏழு மாடுகள், இரண்டு கன்றுகள். வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறார். மாடுகள் முழுக்க என் பொறுப்பு. எட்டாவதாக ஒரு செவலைக் கலப்பின மாட்டைத் தரகர் டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். அவரோடு பத்து வருடப் பழக்கம். மாட்டின் வாயோரம் நுரை கட்டியிருந்தது.

"என்னண்ணே, வாயில எச்சி ஒழுகுது?"

"வழியில பச்சைச் சோளத்தட்டையத் தின்னுச்சு தங்கச்சி. வருசநாட்டு மாடு, சுத்தமான மாடு. கண்ண மூடிக்கிட்டுக் கட்டு."

கட்டினேன். மற்ற மாடுகளோடு, ஒரே தீவனக் காடியில்.

நாலாம் நாள் என் மூத்த கறவை தட்டையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வாயிலிருந்து நூல் நூலாகக் கோழை. மறுநாள் குளம்பிடுக்கில் புண். கோமாரி. ஒவ்வொன்றாக எல்லா மாடுகளும் நொண்டின. கன்றுகள் இரண்டும் ஒரே காலையில், பால் குடித்த வாயோடு சுருண்டு விழுந்து செத்தன. சினைமாடு மாதம் நிறையாமலே கன்று வீசியது. தேறிய மாடுகளின் மடியும் வற்றிப்போனது. கன்றுகளை நானே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

மருந்து வாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வருசநாட்டுக்காரர் ஒருவர் வரிசையில் நின்றார். பேச்சுக் கொடுத்ததில், செவலை அவர் மாடுதான் என்று தெரிந்தது. "நோய் கண்ட மாடு, விக்காதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா. தரகருதான், நான் பாத்துக்கிறேன்னு ஏத்திட்டுப் போனாரு," என்றார்.

கால்நடை டாக்டரம்மா போடிக்காரர். கொட்டத்துக்கு வந்து பார்த்தவர், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "நோய் உள்ள வர்ற வழியெல்லாம் எழுதுங்க. எது அடிக்கடி நடக்கும், எது வந்தா நட்டம் பெருசு, ரெண்டையும் யோசிச்சு வரிசைப்படுத்துங்க. முதல்ல எத அடைக்கணும்னு தெரிஞ்சுபோகும்."

முதல் வரியில் தரகர் பெயரை எழுதினேன்.

டாக்டரம்மா அதை அடித்தார். "ஆள எழுதாதீக. வழிய எழுதுங்க."

வெளியிலிருந்து வரும் மாடு என்று மாற்றினேன். அதற்கடுத்து சினை ஊசி போட வருபவரின் பூட்ஸ், அதற்கடுத்து வீடு வீடாகப் போய்வரும் பால் கேன். தெருநாயைக் கடைசியில் தள்ளினேன். நாயைத்தான் நான் அதுவரை விரட்டிக்கொண்டிருந்தேன்.

"வந்த மாட்ட ஒதுக்கிக் கட்டுனீகளா?" என்று கேட்டார்.

"இடம் இல்ல டாக்டர்."

பக்கத்திலேயே எங்கள் பழப்பெட்டி அடுக்கிய கொட்டகை பாதி காலியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார்.

அந்தத் தாள்தான் எனக்குக் கிடைத்த செருப்பு. பால் சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். வெளி மாட்டை மூன்று வாரம் தனியாகக் கட்ட வேண்டும், தடுப்பூசிச் சீட்டு இல்லாத மாட்டை வாங்கக் கூடாது, தரகர் வண்டி எந்தக் கொட்டத்துக்குள்ளும் நுழையக் கூடாது. மீறினால் சொசைட்டி பால் எடுக்காது. பெயர் சொல்லவில்லை. என் கன்றுகள் செத்தது ஊருக்கே தெரியும். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள்.

தரகருடைய மாடுகளில் எதற்குச் சீட்டு இருந்தது? பக்கத்து ஊர்களும் எங்கள் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொண்டன. கொஞ்ச நாளில் வெறும் டெம்போதான் ஓடியது.

ஒரு மத்தியானம் என் கேட்டுக்கு வந்தார். கிருமி சாக வாசலில் வைத்திருந்த சலவை சோடாத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "செருப்பக் கழட்டிட்டு அதுல நில்லுங்க," என்றேன். வெயிலில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை.

"தங்கச்சி, சொசைட்டில ஒரு வார்த்தை சொல்லு. பொழப்பே போச்சு."

"அந்த மாட்டுக்குச் சீக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

தண்ணீருக்குள் காலை மாற்றி வைத்தார். "தெரியும். ஆனா நீ ஒதுக்கித்தான் கட்டுவேன்னு நெனச்சேன். வெவரமான ஆளாச்சே நீ."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கேட்டைச் சாத்தினேன். அவர் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

டெம்போவை விற்றுவிட்டார். இப்போது சின்னமனூரில் திராட்சை லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறார். போன வாரம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், முதுகு வளைந்திருந்தது. பாவம் என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வயிறு குளிர்ந்தது. பஸ் திரும்பும்வரை தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.