அமாவாசையில் ஓடிய தறி

"ஒருத்தரு தறிச் சத்தத்த இன்னொருத்தரு எடுத்துக்கிட்டா அது திருட்டுங்களா?" இப்படிக் கேட்டுத்தான் கிறிஸ்துராஜ் என்னிடம் இந்தக் கதையைத் தொடங்கினார்.

சேலத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டுகிறவர் அவர். இசைத்தட்டு போடுவதோடு அவர் மனம் அடங்கவில்லை. ரேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வரும் விசில், ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கை நீட்டினால் எழும் ஊளை, எல்லாமே அவருக்குப் பாட்டாகக் கேட்டன. கிராமபோனின் ஊசித்தலையைக் கழற்றி ஒரு பலகையில் மெழுகால் ஒட்டினார். பலகையை நகத்தால் சுரண்டினால் ஒலிபெருக்கியில் மழை பெய்தது. மனைவி இன்னாசிமேரி அதன்மேல் இராட்டையை வைத்துச் சுற்றினாள். பம்பைக்காரர் மாரி நடுவே புகுந்து தாளத்தை ஓட்டினார்.

1964 ஆடியில், இளம்பிள்ளை அம்மன் திருவிழாவில், மூவரும் முதல்முறையாக அதை வாசித்தார்கள். கூட்டம் வாய் பிளந்து நின்றது. பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். அப்போது விழாத் தலைவர் அங்கமுத்து வந்து ஒயரைப் பிடுங்கினார். ஊரில் பெரிய தறிக்காரர் அவர்.

"டேய், இது கோயிலா, பேயோட்டற எடமா?" என்று மாரியின் பம்பையை எட்டி உதைத்தார். தோல் கிழிந்தது. மாரி குனிந்து அதை எடுத்துக்கொண்டார். கிறிஸ்துராஜால் அந்தக் குனிவை மறக்க முடியவில்லை.

அதோடு நிற்கவில்லை. அங்கமுத்து சொன்ன சொல்லுக்குப் பயந்து சுற்றுவட்டாரத்தில் யாரும் கிறிஸ்துராஜின் மைக்செட்டைக் கூப்பிடவில்லை. வீட்டில் செபமாலை சொல்லும்போது, பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தைப் பொறுப்பதாகச் சொல்லும் வரி வந்தால் மட்டும் கிறிஸ்துராஜ் வாயை மூடிக்கொள்வார்.

"ஏனுங்க, சாமிகிட்டயுமா வீம்பு?" என்பாள் இன்னாசிமேரி.

"பொய் சொல்லக் கூடாதில்ல?"

வீம்பு அவளுக்கும் இருந்தது. சேலை பார்க்கும் சாக்கில் அங்கமுத்து வீட்டுக்குப் போய், ஒன்றும் எடுக்காமல், தறிச் சத்தத்தைக் காது நிறையக் கேட்டுவிட்டு வந்தாள். இளம்பிள்ளையில் எந்த வீட்டுத் தறி ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அங்கமுத்து தறி 'சடக், சடக், கிய்ய்' என்று இழுக்கும். சடக்கை மாரி பலகையில் தட்டிப் பழகினார். கிய்யை இராட்டை கொடுத்தது.

அமாவாசையன்று நெசவாளர்கள் தறியைத் தொடுவதில்லை. அப்படியொரு அமாவாசைக் காலையில், அங்கமுத்து வீட்டுப் பின்புறச் சோளக்காட்டில் லாரி பேட்டரியும் ஒலிபெருக்கியுமாக மூவரும் உட்கார்ந்தார்கள். 'சடக், சடக், கிய்ய்.'

தெருவில் முதலில் கத்தியவர் பாவு போடும் கந்தம்மாள். "அங்கமுத்தண்ணே, உங்களுக்கு மட்டும் அமாவாசை இல்லீங்களா?"

ஈர வேட்டியோடு அங்கமுத்து ஓடி வந்தார். "நான் குளிச்சிட்டிருக்கேனுங்க!"

"அப்ப ஊட்டுக்குள்ள ஓட்டறது பேயா?"

கூட்டம் உள்ளே நுழைந்தது. தறி துணி போர்த்திக் கிடந்தது. சத்தமோ நிற்கவில்லை. அது தன் தறியின் சத்தமேதான் என்று அங்கமுத்துவின் காது சொன்னது. கை கூப்பித் தறியின் முன்னால் விழுந்தார். "தாயே, தெரியாமப் பண்ணிட்டேன்!"

என்ன பண்ணினார் என்று யாருக்கும் தெரியாது. சோளக்காட்டிலிருந்து சன்னல் வழியே இதைப் பார்த்த கிறிஸ்துராஜ் மைக்கை எடுத்தார். "எந்திரிங்க அங்கமுத்து. இது மாரியண்ணன் கைங்க!"

ஊர் சோளக்காட்டுக்குத் திரண்டது. அமாவாசையில் தறிச் சத்தம் எழுப்பியது குற்றம் என்று சிலர் முறைத்தார்கள். "தறி எங்க ஓடுச்சு? பலகைதான ஓடுச்சு!" என்றார் கந்தம்மாள். ஒரே சிரிப்பு. "இன்னொருக்கா வாசிங்க சாமி" என்று கூட்டம் கெஞ்சியது.

மாரியின் விரல்கள் பலகைக்குப் போயின. கிறிஸ்துராஜ் பேட்டரியின் ஒயரைக் கழற்றினார். "அன்னிக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்களே. இந்த ஊருக்கு இனி இல்லீங்க."

பிறகு ஆடிதோறும் இளம்பிள்ளையிலிருந்து வெற்றிலை பாக்கோடு ஆள் வந்தது. ஒருமுறை அங்கமுத்துவே வந்தார். கிறிஸ்துராஜ் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். "ஒருக்காப் போலாமுங்க அண்ணே" என்று மாரி கேட்டுப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு முன்னால் தட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு அடங்கவேயில்லை. கிறிஸ்துராஜ் இன்றும் அசையவில்லை.

இளம்பிள்ளைக்காரர்கள் இதைப் பேய் தறி ஓட்டிய கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். படிக்கிற நீங்கள் நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, தட்டியது மாரி, சுற்றியது இன்னாசிமேரி என்று பெயரோடு சொல்லுங்கள்.